பீரோவை வெளியே தூக்கு, கிறிஸ்துமஸ் வருது

என் பெரியம்மா மகளுக்கு வீடு மாற்றித் தரும் தொழில். சொந்தமாக ஒரு லாரி, கூட இரண்டு ஆட்கள். மாடிப்படி வளைவில் சோபா சிக்கிக்கொண்டு மற்றவர்கள் கையைப் பிசையும்போது இவள் ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். "காலைக் கழட்டு, நிமித்து, என் பக்கம் சாய்" என்பாள். சோபா சொன்ன பேச்சு கேட்கும். சொந்தபந்தம் முழுக்க அவளை லாரியக்கா என்றுதான் கூப்பிடும்.

அவள் இருப்பது இரண்டாவது மாடியில், இரண்டே அறைகளில். ஆனாலும் எங்கள் மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று குடும்பத்துப் பொடிசுகள் எல்லோருக்கும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து அங்கேதான். இடத்துக்கு எங்கே போவாள்? வீட்டையே காலி செய்துவிடுவாள். கட்டில், பீரோ, மேசை எல்லாம் காலையிலேயே வெளி வராந்தாவுக்குப் போய்விடும். உள்ளே மிஞ்சுவது கிறிஸ்துமஸ் மரமும் வெறும் தரையும்தான். பிள்ளைகள் சுவருக்குச் சுவர் ஓடலாம்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய இந்த வருஷம், அந்த விருந்துக்கே ஆபத்து வந்திருந்தது. சின்னச் சித்தி தோட்டத்தோடு புது வீடு கட்டியிருந்தாள்.

"இனிமே எங்க வீட்லயே வெச்சுக்கலாம்டி. இந்தப் புறாக்கூட்டுல பிள்ளைங்க எதுக்கு இடிபடணும்?"

லாரியக்காவுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை இங்க நடக்கட்டும் சித்தி. முடிஞ்சதும் பிள்ளைங்களையே கேளுங்க" என்றாள். சித்தி போனதும் என்னிடம், "இதையும் கொடுத்துட்டா கிறிஸ்துமஸ்னு எனக்கு என்னடி இருக்கு?" என்றாள்.

விருந்தன்று காலை அவள் கையில் வேகம் கூடுதல். லாரியில் அடுக்குவதுபோலவே வராந்தாவில் அடுக்கினாள். இடுக்கில் விரல் நுழையாது. கயிறு போட்டு இறுக்கினோம்.

"எப்படி?"

"நிலநடுக்கம் வந்தாலும் அசையாதுக்கா."

லாரியில் அடுக்கும்போது யாரும் நடக்க வழி விடுவதில்லை. பழக்கதோஷத்தில் வராந்தாவிலும் விடவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா கதவைத் திறந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. அவர் முகத்துக்கு நேரே எங்கள் பீரோவின் முதுகு. எங்கள் கேக் அவர் வீட்டு ஓவனில்.

"ஏம்மா, என்னை உள்ள வெச்சு அடைச்சிட்டியா? கேக் வெந்தாச்சு, நான் எப்படி வெளிய வர்றது?"

அதற்குள் படிக்கட்டில் கூச்சல். பிள்ளைகள் ஏறி வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு சின்னச் சித்தி.

"நான் சொன்னேனா இல்லையா?"

லாரியக்காவின் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு மேசைமேல் ஏறி, நிமிர்த்தி வைத்த கட்டிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பொடிசுகளா, யாருக்கெல்லாம் வேலை வேணும்?"

"கூலி என்ன?" இது மாமா மகள். எதற்கும் நியாயம் பேசுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"கேக்."

"யார் சாட்சி?"

"நான் சாட்சி!" பீரோவுக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா. "சீக்கிரம் ஆகட்டும்!"

கயிற்றை அவிழ்த்தோம். நாற்காலிகள் கை மாறிக் கை மாறிப் படியிறங்கின. சித்தியின் கடைக்குட்டி பட்டாணி, தன்னைவிடப் பெரிய தலையணையைக் கட்டிக்கொண்டு, "வழி! வழி!" என்று எல்லோரையும் முட்டித் தள்ளினான். கட்டிலின் முறை வந்ததும் லாரியக்கா குரலைத் தாழ்த்தினாள். "முதுகை வளைக்காதீங்க. முழங்காலை மடக்குங்க. நான் சொன்னாத்தான் தூக்கணும்." கனம் எங்கள் தோளில், ஆனால் பொடிசுகள் ஒவ்வொருவரின் கையும் கட்டிலில் இருந்தது. வளைவில் அது சுவரை உரசாமல் திரும்பியபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. அப்புறம் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

பீரோவை ஓரமாக நகர்த்தியதும் டாக்டரம்மா கேக்கை ஜெயித்த கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். மேசையும் நாற்காலியும் கீழே இருக்க, திரும்ப மேலே போக யாருக்கு மனசு வரும்? லாரியக்கா கிறிஸ்துமஸ் மரத்தைத் தோளில் சுமந்து வந்து லாரியின் மேல் நிறுத்தினாள். வாசலிலேயே விருந்து.

கேக் பாதி காலியானதும் சித்தி பேச்சை எடுத்தாள். "சரி, அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு வர்றீங்களா? தோட்டத்துல ஊஞ்சல் போடறேன்."

பட்டாணிதான் கேட்டான். "அம்மா, நம்ம வீட்ல கட்டிலைத் தூக்க விடுவியா?"

"ஐயோ, தேக்குடா அது! கீறல் விழுந்துடும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப லாரியக்கா வீடுதான். கேஸ் முடிஞ்சுது" என்றாள் வக்கீல்.

சித்தி பட்டாணியை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "பெத்த பிள்ளையே கட்சி மாறிட்டான். நான் என்ன பண்ண?"

லாரியக்கா விரலில் ஒட்டிய கேக்கை நக்கிக்கொண்டு எழுந்தாள். "சரி, இதையெல்லாம் மேல ஏத்தணும். முதல்ல நாற்காலி."

அவள் சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டில் வரிசை நின்றுவிட்டது.