தீபாவளிக்குப் பூசாத சுவர்

குருபோங்கில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் ஏதோ தீவிரவாதக் கூட்டம் என்று ஒரு நாள் காலையில் போலீஸ் வந்து சுற்றி வளைத்தது. முதலில் சுட்டது உள்ளே இருந்தவர்கள்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஜன்னல் வழியாக வீசிய துப்பாக்கி என் கறிவேப்பிலைச் செடியடியில் வந்து விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் போலீஸ் உள்ளே புகுந்து சுட்டது. தோட்டாக்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கள் ஹாலுக்குள் வந்தன. நானும் மனைவியும் குசினியில் அடுப்புப் பக்கம் தரையோடு தரையாகக் கிடந்தோம்.

உள்ளே இருந்தவர்கள் கடைசிவரை சுட்டுக்கொண்டே செத்தார்கள் என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள்.

தீபாவளிக்கு வீடு முழுக்கச் சாயம் அடித்தோம். அந்த ஓட்டைகளை மட்டும் அடைக்க நான் விடவில்லை.

பண்டிகைக்கு எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்கும் எங்கள் ஓப்பன் ஹவுசுக்கு வருஷா வருஷம் வரும் போலீஸ் சார்ஜன், நம்ம தமிழ் ஆள், இந்த வருஷமும் வந்தார். அன்று உள்ளே புகுந்தவர்களில் அவரும் ஒருவர்.

“அண்ணே, இதப் பூசிரலாம்லா. அவனுங்க என்ன நல்லவனுங்களா?”

“நல்லவனுங்கன்னு யாரு சொன்னா தம்பி? துப்பாக்கியப் போட்டுட்டானுங்கன்னுதான் சொல்றேன். எங்க கூப்பிட்டுக் கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.”

அவர் கிளம்பப் பார்த்தார். தீபாவளிக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நாற்காலியை அந்தச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன்.

“உக்காருங்க தம்பி. மெதுவா சாப்பிடுங்க.”