ஊதா என்றுதான் சொன்னேன்

"…எண்டுதானே சொன்னீங்கள். ஊதா. போனிலை ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் ஊதா எண்டுதான் சொன்னீங்கள். பிறகு ஏன் முகம் இப்பிடிப் போகுது?" என்று சம்பந்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தம்பினில் அவர் வீட்டு வாசல் வெயிலில், என் அப்பா ஓட்டிய பழைய பிக்கப் வண்டி நின்றது. கத்தரிப்பூ நிறத்தில்.

நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கதவைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பெயிண்ட் எங்கும் வழியவில்லை, ஒரு தூசி ஒட்டவில்லை. எண்ணெய் தடவிய கத்தரிக்காய்போல மின்னியது.

தப்பு அவருடையதும் இல்லை. நாங்கள் கெமாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு வானம் ஊதா, பள்ளிக்கூட மை ஊதா, அப்பா ஓட்டிய எஸ்டேட் வண்டியும் ஊதா. நீலம் என்பது புத்தகத்துச் சொல். அதை யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், "வாத்தியாரு வந்துட்டாருடா" என்று ஒரு வாரத்துக்கு விடமாட்டார்கள். சம்பந்தியோ சிலோன் தமிழர். மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். அவர் வீட்டில் நீலம் நீலம்தான். ஊதா வேறு நிறம். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. சம்பலில் எவ்வளவு உறைப்பு என்பதுவரை பேசியிருக்கிறோம். நிறம் மட்டும் பேச்சில் வரவே இல்லை.

அப்பாவின் வண்டி சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையின் பின்னால் கொடி ஏறிக் கிடந்தது. நம்பரை வைத்துத்தான் அடையாளம் கண்டு வாங்கினேன். கடைசியாக வைத்திருந்தவர் தகரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு வெள்ளை அடித்திருந்தார். சம்பந்தி ஓய்வுபெற்றதும் கம்ப்ரசர் வாங்கிச் சொந்தக் காருக்குத் தானே பெயிண்ட் அடித்தவர். நான் மம்பாவில் என் வீட்டு வாசலில் மோட்டார் சீட் தைக்கிறவன். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை; கிழித்துக் கிழித்துப் பார்த்துப் பழகியது. "சீட்டு உங்களுக்கு, பெயிண்ட் எனக்கு" என்று அவரே பிரித்துக் கொடுத்தார். வண்டி தம்பினில் அவர் வீட்டுக்குப் போனது. சீட்டு மம்பாவுக்கு வந்தது.

பழைய உறையைக் கிழித்தால் உள்ளே தேங்காய் நாரும் எலிக் கூடும். ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து, கறுப்பு ரெக்சின் போட்டு, ஓரத்தில் அப்பா காலத்தைப்போல வெள்ளை பைப்பிங் கரை ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று முறை பிரித்துத் தைத்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்னால்.

காரணம் என் அக்கா. சர்க்கரையால் அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. "மூஞ்சி தெரியல தம்பி, கலரு மட்டும் தெரியுது. வர்றப்ப என்ன கலரு சட்டைன்னு சொல்லிட்டு வா. இல்லன்னா கதவ தொறக்க மாட்டேன்லா" என்றாள் போனில். அந்தக் கலரும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. சின்ன வயதில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஊதா தெரிந்ததுமே, சத்தம் கேட்கும் முன்பே, "அப்பா வந்துட்டாரு" என்று ஓடுகிறவள் அவள்தான். அடுத்த ஞாயிறு காலை இந்த வண்டியை அவள் வீட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். யாரும் சொல்லாமல் அவளே கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குத் தெரியாது. சம்பந்திக்கும் தெரியாது. ஊரெல்லாம் பேசுகிற என் வாய், இதை மட்டும் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயம்.

"நல்லாருக்கு சம்பந்தி" என்றேன்.

கூட வந்திருந்த என் மனைவி பக்கத்தில் வந்து, வாய் அசையாமல் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு. மார்க்கெட்டு வண்டின்னு நெனச்சு அக்கா ரெண்டு கிலோ கத்தரிக்கா கேப்பாங்க."

கொண்டுவந்த சீட்டை மாட்டிவிடலாம் என்று அவசரப்படுத்தினேன். நானும் சம்பந்தியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கதவோரம் சாய்த்தோம். சீட்டின் அடித்தகரம் வெளிப்பக்கம் திரும்பியது. அதில் ஒரு கையகலம், வெயிலே படாத இடத்தில், அப்பா காலத்துப் பெயிண்ட் அப்படியே இருந்தது. மூன்று முறை சீட்டைப் பிரித்தவன், இதைத் தினமும் பார்த்தவன், ஒரு படம் பிடித்து அனுப்பியிருக்கலாம். நான் வாயால் மட்டும் சொன்னேன்.

சம்பந்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இது நீலமெல்லோ."

"எங்க பக்கம் இதான் ஊதா."

"பிறகேன் நல்லாருக்கு எண்டனீங்கள்?"

அப்போதுதான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, எங்கெங்கோ நின்று நின்று சொன்னேன். குரல் உடையத்தான் செய்தது.

"ஞாயிறு எத்தினை மணிக்கு?" என்றார்.

"காலையில."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். சேண்ட்பேப்பரை வாளித் தண்ணீரில் நனைத்தார். ஓரத்தில் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். நேராக முன்பக்கம் போய், பானெட்டின் நடுவில், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பளபளத்த இடத்தில் கையை வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.