இருமல் சாரும் எட்டு போல்ட்டும்

அந்தப் பள்ளிக்கூடத்தின் தொழிற்பட்டறையில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அவர் இருமல் சார். மற்ற ஆசிரியர்களுக்கும் அப்படித்தான். அவருடைய மனைவியே ஒருமுறை போனை எடுத்து, "இருமல் சார் வீடுதான், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருமல் பொய்யில்லை. பள்ளிக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் லாரி பாடி கட்டும் பட்டறையில், கதவைச் சாத்திக்கொண்டு புகையை விழுங்கியதில் வந்து சேர்ந்த சொத்து அது. வேறு சொத்து எதுவும் அங்கே சேரவில்லை. அந்தப் பட்டறை முதலாளிக்கு வாயைத் திறந்தால் வசவுதான் வரும். ஒரு கோடு வளைந்தால் அப்பன் ஆத்தாள் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார். தன் வாயிலிருந்து எந்தப் பிள்ளையும் அப்படி ஒரு சொல் கேட்கக் கூடாது என்று இவர் அன்றைக்கே முடிவு செய்துகொண்டார். நல்ல முடிவுதான். ஆனால் மனுஷன் அதோடு நிற்காமல், "இது தப்பு" என்று சாதாரணமாகச் சொல்வதையும் சேர்த்தே விட்டுவிட்டார்.

சொல்லாததை இருமல் சொன்னது. யாராவது கம்பியைத் தப்பான சாய்வில் பிடித்தால் தொண்டை கரகரக்கும், ஒரு இருமல் வரும். அளவெடுக்காமல் வெட்டப் போனால் இரண்டாக வரும். வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் செய்யக்கூடியவர் அவர். பிள்ளைகளுக்குச் சத்தியம் தேவைப்படவில்லை. ஒரு இருமல் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மறுபடி அள, இருமலே இல்லையென்றால் தைரியமாக மேலே போ என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். அதற்கப்புறம் டேப் எடுப்பவர்கள் குறைந்தார்கள். இருமலைக் கேட்டாலே போதும் என்றிருக்கும்போது யார் குனிந்து அளப்பார்கள்?

அந்த வருடம் கடைசி வகுப்பில் எட்டுப் பேர். அதில் ஒருத்தி அவருடைய மகள். பள்ளியில் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சார் அப்பா ஆவார். வகுப்புக்கு அவள்தான் தலைவி. கையில் நடுக்கம் கிடையாது. அவள் போடும் வெல்டிங் கோடு எறும்பு வரிசைபோல ஒரே சீராகப் போகும். அதைப் பார்க்கும்போது அவருக்குப் பெருமை தாங்காது. அந்தப் பெருமையையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இறுதித் தேர்வுக்காக அவர்கள் கட்டியது ஒரு பம்பர். ஊர் மாட்டு டாக்டரின் ஜீப்புக்கு. சாலை என்று ஒன்று இல்லாத மேட்டிலும் ஓடையிலும் அந்த ஜீப்பை விரட்டி விரட்டி, முன்பக்கம் நசுங்கிப்போய், பம்பர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு துருப்பிடித்த கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "பாறையில மோதினா பாறைக்குத்தான் வலிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போனார் டாக்டர்.

மூன்று மாதம் வரைந்தார்கள், வெட்டினார்கள், வளைத்தார்கள். கனமான தகட்டில் நடுப்பாகம். சக்கரம் கல்லில் ஏறும்போது தட்டாமலிருக்க இரண்டு பக்கமும் மேல்நோக்கி வெட்டிய இறக்கைகள். சேற்றில் மாட்டினால் இழுக்க இரண்டு கொக்கிகள். பின்னால் சேஸிஸின் அந்த இரண்டு கால்களோடு பொருத்த இரண்டு பிராக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட். ஒரே ஒரு வில்லங்கம். என்றோ ஒரு பாறையில் மோதியதில் ஜீப்பின் இடது கால் இரண்டு விரல் அளவு பின்னால் போயிருந்தது. அதனால் இடது பிராக்கெட் வலதைவிட இரண்டு விரல் நீளம். அதைக் கண்டுபிடித்ததே மகள்தான். படத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தவளும் அவள்தான்.

இந்தத் தேர்வில் தேறினால் வண்டி தயாரிக்கும் ஆலையில் அவளுக்குப் பயிற்சி இடம். கடிதம் வந்து வீட்டு அலமாரியில் இருந்தது. இந்த வருடச் சான்றிதழோடு வந்தால் இடம், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. கடிதத்தில் சுற்றி வளைத்து எதுவும் எழுதவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் தலைமை ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தினார். வேறொரு பள்ளியிலிருந்து புகார் போயிருக்கிறது, உங்கள் சார் இருமி இருமியே பாஸ் பண்ண வைக்கிறார் என்கிறார்கள் என்றார். நாளைக்கு வருகிற தேர்வாளர் அம்மா ரொம்பக் கறார். ஜாடை காட்டினால் வகுப்பையே தள்ளிவிடுவார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த இருமல் வேண்டாம் சார்."

சரி என்றார் இவர். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தொண்டை மிட்டாய் ஒரு அட்டை கொண்டுவரச் சொன்னார். எல்லாம் செய்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. நாளைக்கு நான் இருமமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது மகளிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் இத்தனை வருடமும் வேண்டுமென்றே இருமினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று தோன்றியது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தேர்வு தொடங்கியது. தேர்வாளர் அம்மா பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, அதில் நாற்காலியைப் போட்டு, இவரை உட்காரச் சொன்னார். யாருக்காவது காயம் பட்டால் ஒழிய எழுந்திருக்கக் கூடாது. பேச்சோ, சைகையோ, சத்தமோ கூடாது. ஆசிரியர் இல்லாமல் வெல்டிங் மெஷினை இயக்கக் கூடாது என்பதால் வெளியே போகவும் கூடாது. மூன்று மணிக்கு மணி அடிக்கும்போது எட்டு போல்ட்டும் முறுக்கி, பம்பர் ஜீப்பில் நிற்க வேண்டும். நின்றால் எல்லோரும் பாஸ். நிற்காவிட்டால் ஒருவரும் இல்லை.

மதியம்வரை எல்லாம் அழகாகப் போயிற்று. இறக்கைகள் ஏறின, கொக்கிகள் ஏறின. அடிப்பக்க இணைப்பைப் பற்றவைக்க பம்பரை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். அடுத்து பிராக்கெட். வெல்டிங் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று வகுப்பிலேயே உயரமான நெட்டைப் பையன் கிரைண்டர் போட்டு அந்த இடங்களைப் பளபளவென்று தேய்த்தான். இடது, வலது என்று சாக்பீஸால் எழுதியிருந்ததும் சேர்ந்து போயிற்று. கவிழ்ந்து கிடக்கிற பம்பருக்கு இடது எது, வலது எது? மகள் நீளமான பிராக்கெட்டைக் கையிலெடுத்து, தன் இடதுகைப் பக்கம் வைத்தாள்.

நிமிர்த்தினால் அது வலதுபக்கம் போய்விடும் என்று அவர் கண்டுகொண்டார். தொண்டை உடனே கரகரத்தது. வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து நொறுக்கி விழுங்கினார். இன்னொன்றைப் போட்டுக்கொண்டார்.

அவள் அங்கங்கே பொட்டுப்பொட்டாகப் பற்றவைத்து முடித்தாள். முகமூடியை மேலே தூக்கினாள். மூன்று வருடப் பழக்கம், தானாக அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மற்ற ஏழு பேரும் கையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. இவர்கள் எப்போதும் அளந்ததே தன் இரண்டாவது இருமலுக்குப் பிறகுதான். இருமினால் எட்டுப் பேரும் வெளியே. இருமாமலிருந்தால் சரி என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி. நெஞ்சு அடைக்க, கண்ணில் தண்ணீர் முட்ட, சுவரிலிருந்த தீயணைப்பானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மகள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு முகமூடியை இறக்கினாள். முழு வெல்டிங்கும் போட்டாள். எறும்பு வரிசைபோல ஒரே சீரான கோடு. அவ்வளவு அழகான வெல்டிங்கை அந்தப் பட்டறை பார்த்ததில்லை.

"சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டார் தேர்வாளர் அம்மா. அவருக்கும் இரக்கம் இருந்தது. இவர் வேண்டாம் என்று தலையசைக்கப் போய், அதுவும் சைகையாகிவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டே காலுக்கு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார்கள். வலதுபக்கம் நான்கு போல்ட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. இடதுபக்கம் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. நெட்டைப் பையன் தள்ளிப் பார்த்தான். இன்னொருவன் சுத்தியலைத் தேடினான். மகள் எதுவும் செய்யவில்லை. இடைவெளியைப் பார்த்தாள், வலது பிராக்கெட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

அதன்பிறகு நடந்ததைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. கழற்றினார்கள், மேசைக்குக் கொண்டுபோனார்கள், கிரைண்டரால் அறுத்தார்கள். நல்ல வெல்டிங் லேசில் விடுமா? அவள் கையால் போட்டது அவள் கைக்கே அசைந்து கொடுக்கவில்லை. ஒரு பிராக்கெட் அறுந்து தரையில் விழுந்தபோது மணி அடித்தது.

அளக்காமல் வெல்டிங் போட முடிவு செய்தது யார் என்று தேர்வாளர் அம்மா கேட்டார். நான்தான் என்றாள் மகள். ஏன் என்று கேட்டார். அவள் சார் பக்கம் திரும்பவேயில்லை.

"அளக்கணும்னு தோணலை மேடம்."

இவரால் அதற்குமேல் முடியவில்லை. கட்டத்தைத் தாண்டி வந்து, தப்பு தன்னுடையது, இருமலை வைத்தே இவர்களைப் பழக்கிவிட்டேன், இன்று இருமாததால்தான் இப்படி ஆயிற்று என்று கொட்டினார். அவர் வாழ்க்கையில் மூச்சுவிடாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். தேர்வாளர் அம்மா பேனாவை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"இதை நான் எழுதினாலும், இந்தப் பிள்ளைங்களுக்கு மார்க் வரப்போறதில்லை சார். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் பாஸானவங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. எழுதட்டுமா?"

எழுதுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. பேனாவை மூடியபடியே பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மா போய்விட்டார்.

சாயங்காலம் அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். இருவர் முகத்தையும் பார்த்த மனைவி காபி போட உள்ளே போனாள். மகள் குழாயடியில் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கையிலிருந்த கரியைக் கழுவினாள். அவர் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் மறுபடி எழுதலாமாம் என்றாள். ஆலைக் கடிதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"நான் மாத்தி வச்சதை நீங்க பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்மா."

"எப்போ?"

"நீ கையில எடுத்தப்பவே."

குழாயை மூடினாள். துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. லாரிப் பட்டறை முதலாளி திட்டியதைப் போலத் திட்டினாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"அடுத்த வருஷம் அந்த ரூமுக்கு வேற யாரையாவது போடச் சொல்லுங்கப்பா. நீங்க இருமினாலும் எனக்குக் கஷ்டம், இருமாட்டாலும் கஷ்டம். நீங்க உள்ள இல்லைன்னாத்தான் நான் அளப்பேன்."

குரலில் கோபமே இல்லை. கெஞ்சிக் கேட்டாள்.

"சரிம்மா" என்றார்.