சப்பாத்துகளையும் வரையச் சொன்னவர்

போன புதன்கிழமை காலை ஹோர்சன்ஸில் ரயில் ஏறி உட்கார்ந்தபோது தவமணி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். வேலை நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் தொலைபேசியைத் தொடமாட்டார். ஆகவே எடுக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

“தம்பி, ஒர்னெல்லா அம்மா விடியக் காலமை போயிட்டா. நான்தான் பக்கத்தில நிண்டனான். இஞ்சத்தை வழக்கப்படி யன்னலைத் திறந்து விட்டிருக்கிறன். மற்ற ஆக்களுக்கு நீங்கள் சொல்லுங்கோ.”

அந்த யன்னல், கட்டிலில் படுத்திருப்பவருக்கும் தெருத் தெரியும் அளவுக்குத் தாழ்வானது. அந்த இல்லத்தைக் கட்டிய காலத்தில் ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டி அந்த உயரத்தை வாங்கியவர் ஒர்னெல்லாதான். தான் வரைந்த கட்டடத்தில், தான் கேட்டு வாங்கிய யன்னலருகில் கண்மூடினார். எத்தனை கட்டடக்கலைஞருக்கு இது வாய்க்கும்?

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒர்னெல்லா இத்தாலியர். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருடம், குண்டு விழுந்து பாதி இடிந்துபோன ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஊரைத் திருப்பிக் கட்டுகிற சத்தத்தில்தான் வளர்ந்தேன் என்பார். கட்டடக்கலை படித்து முடித்தவருக்கு அங்கே கிடைத்த வேலை, ஆண்கள் வரைந்த வீடுகளுக்குத் திரைச்சீலை நிறம் தெரிவு செய்வது. “எனக்குச் சுவர் தெரியும், துணி தெரியாது” என்று சொல்லிவிட்டு டென்மார்க்குக்குப் புறப்பட்டார். அங்கே யூலாந்துப் பகுதியில் எங்கள் சிறுநகரத்தின் நகரசபையில், நாங்கள் கொமூன் என்று சொல்கிற இடத்தில், கட்டடப் பகுதியில் சேர்ந்தார். அங்கே வேலைக்கு வந்த முதல் பெண் கட்டடக்கலைஞர் அவர். பின்னாளில் அந்தப் பகுதிக்கே தலைவரானார். பெரிய நிறுவனங்கள் கூப்பிட்டும் போகவில்லை. “பணக்காரனுக்கு வீடு கட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பஸ் தரிப்பிடத்துக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்பார்.

டேனிஷ் மொழியில் அரச குடும்பத்தைத் தவிர எல்லோரும் ‘நீ’தான். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். தமிழில் எழுதும்போது மட்டும் கை தானாக ‘அவர்’ என்று எழுதுகிறது. எழுதட்டும்.

நான் படவரைஞராக அவரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புதிதாகக் கட்டிய பாலர் பாடசாலை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். ஒரு குழந்தை வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றி, எல்லாக் கதவுகளுக்குள்ளாலும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டம் வாங்கியவன் உருளைக்கிழங்குக்குத் தாலாட்டுப் பாடாத குறையாகத் திரிந்தேன். மூன்றாவது கதவில் வண்டி சிக்கியது. கதவை இடித்துப் பெரிதாக்கினார்கள். “சனம் உள்ளே போவதை எல்லோரும் வரைவார்கள். வெளியே வருவதை நாங்கள்தான் வரையவேண்டும்” என்றார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பரிசோதனை முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாகத் தான் வருவார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்துவார். “எல்லோரும் வெளியே வந்தாயிற்று” என்பார். அதற்குப் பிறகுதான் தன் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போடுவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் இதை நடித்துக் காட்டிச் சிரிப்போம்.

வன்னியில் போர் முடிந்த அந்த வைகாசி மாதத்தை எங்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. தவமணி அக்காவின் ஒரே தம்பி கடைசி நாட்களில் அங்கே அகப்பட்டிருந்தார். அவர் இறந்த செய்தியை முகாமிலிருந்து ஓர் உறவினர் சொன்னார். உடல் இல்லை, இறந்த நாளும் தெரியாது. செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்வதென்று அக்கா முடிவெடுத்தார். அதே கதியில் இருந்த வேறு குடும்பங்களும் அந்த நாளிலேயே சேர்ந்துகொண்டன. அடுக்குமாடி வீட்டில் இதற்கு இடம் ஏது? எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் அப்போதுதான் ஒரு பழைய களஞ்சியத்தை மண்டபமாக்க வாடகைக்கு எடுத்திருந்தது. அங்கே சனம் கூடக் கொமூனின் அனுமதி வேண்டும்.

வரைபடத்தை நான்தான் வரைந்தேன். சங்க உறுப்பினன் என்பதால் அந்தக் கோப்பில் நான் முடிவெடுக்கக் கூடாது, ஒர்னெல்லாவிடம் கொடுத்தேன். வாசல் அகலம் சரி, அவசரக் கதவு சரி, சட்டத்தில் ஒரு வரிகூடப் பிசகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கொடுத்தேன்.

அந்தியேட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் நேரில் பார்க்க வந்தார். அன்று உள்ளே சின்னதொரு பிரார்த்தனை. வாசலில் வந்து நின்றுவிட்டார். கதவடியில் சப்பாத்துகள், செருப்புகள், பிள்ளைகளின் மழைச் சப்பாத்துகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. கதவைத் தள்ளினார். பாதியில் இறுகி நின்றது. சுற்றிக்கொண்டு அவசரக் கதவுக்குப் போனார். முன்னால் இடமில்லாதவர்கள் அங்கே கழற்றி விட்டிருந்தார்கள்.

“உம்முடைய வரைபடத்தில் சனம் இருக்கிறது. அவர்களுடைய சப்பாத்து எங்கே?” என்று கேட்டார்.

நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றியவன் நான். இத்தாலியிலிருந்து வந்தவர் கண்டதை நான் காணவில்லை. வெட்கத்தில், “அன்றைக்கு மட்டும் சப்பாத்தோடு இருக்கச் சொல்கிறேன்” என்றேன்.

“சடங்கு செய்யும்போதா? இருப்பார்களா?”

“இருக்கமாட்டார்கள்” என்றேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

சங்கத்தில் என்னை உரித்து எடுத்தார்கள். “உள்ளுக்கை எங்கட ஆள் இருந்தும் என்ன பிரயோசனம்?” என்றார்கள். தவமணி அக்கா சொன்னதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “அங்கை அவ்வளவு சனம் செத்துப்போச்சு. இஞ்சை இவ எங்கட சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. என்ர தம்பிக்கு ஒரு பிண்டமும் இல்லாமல் போகப்போகுதோ?”

மறுநாள் அதை அப்படியே டேனிஷில் ஒர்னெல்லாவின் மேசையில் கொட்டினேன். எனக்குக் கோபம், அதை மறைக்கவுமில்லை. வேலை முடிந்ததும் அவர், “அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போவோம், நீர் மொழிபெயர்க்க வாரும்” என்றார்.

அக்காவின் வாசலில் தன் சப்பாத்தைக் கழற்றி, சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்கார்ந்ததும், “உங்கள் தம்பி எப்படி இறந்தார்?” என்று கேட்டார். அதுவரை அக்காவிடம் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

“பங்கருக்கை இருந்தவன். வாசல் மூடிப்போச்சாம். வெளியால வரேல்லை.”

பதுங்குகுழிக்கு டேனிஷ் சொல் தேடி மொழிபெயர்த்தேன். ஒர்னெல்லா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் தம்பிக்காக வருகிற சனம் திரும்ப வெளியே வரவேண்டும். அதற்கு நான் பொறுப்பு. எனக்கு வேறொன்றும் தெரியாது.”

அக்கா கன நேரம் அழுதார். பிறகு எழும்பித் தேத்தண்ணி வைத்தார். கோப்பையைக் கொடுக்கும்போது, “அப்ப சப்பாத்தை எங்கை வைக்கிறதெண்டு அவவையே கேளுங்கோ தம்பி” என்றார்.

அனுமதி கொடுக்கும் அதிகாரி விண்ணப்பதாரருக்கு வரைந்து கொடுக்கக் கூடாது. ஆகவே, வாசலுக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறையை விரலால் காட்டிவிட்டு, என்னை வரையச் சொன்னார். சப்பாத்துகளைச் சோடி சோடியாக வரைந்தேன். பிள்ளைகளின் மழைச் சப்பாத்துக்கு உயரம் போதாதென்று ஒருமுறை திருப்பி அனுப்பினார். வயதானவர்கள் குந்தியிருந்து கழற்ற ஒரு நீள இருக்கை, வாங்கு, எங்கே என்று மறுமுறை. சங்கத்துப் பெடியள் சனி ஞாயிறில் அந்த அறையின் தடுப்பை உடைத்துச் சப்பாத்து வைக்கத் தட்டு அடித்தார்கள். அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம் சைக்கிள் இருக்கையில் கையெழுத்து விழுந்தது. அந்த வரைபடம் இன்றைக்கும் கொமூனில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தியேட்டியன்று ஒர்னெல்லா காலையிலிருந்து வாசலிலேயே நின்றார். பிந்தி வந்தவர்கள் அவசரத்தில் கழற்றியெறிந்த செருப்புகளைக் குடைப்பிடியால் கொளுவி எடுத்துத் தட்டில் வைத்தார். உள்ளே அக்காவின் மகன் மாமாவுக்குக் கடமை செய்தான். நாங்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதோம். அந்த மாதம் முழுவதும் அழ இடமில்லாமல் இருந்தவர்கள். சாப்பாடு முடிந்து கடைசி ஆளும் வெளியேறியதும், ஒர்னெல்லா உள்ளே எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார்.

“எல்லோரும் வெளியே வந்தாயிற்று.”

அந்தளவு டேனிஷ் அக்காவுக்கு விளங்கும். ஒர்னெல்லாவின் தோளில் சாய்ந்து, “ஓம், வந்திட்டினம்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அதை நடித்துக் காட்டவில்லை.

நேற்றுத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. ஒர்னெல்லாவின் மகளுடைய விருப்பப்படி பிறகு எங்கள் மண்டபத்தில் கோப்பி. பாதிரியார், கொமூன்காரர்கள், அவரோடு மல்லுக்கட்டிய கிழட்டு ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் வாங்கில் வரிசையாகக் குந்தியிருந்து சப்பாத்துக் கழற்றினார்கள். ஒருவரின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஒர்னெல்லா கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டார்.

கடைசியில் நானும் தவமணி அக்காவும் மிஞ்சினோம். உள்ளே எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினேன். அந்த வசனத்தை எனக்குச் சொல்ல வரவில்லை. அக்காதான் சொன்னார், ஒர்னெல்லா சொன்ன அதே டேனிஷில்.

போய் வாருங்கள், ஒர்னெல்லா. வாசலில் ஒரு சப்பாத்துக்கூடக் கிடக்கவில்லை.