எண்ணெய் முடிந்தால் முறை முடிந்தது

வேலணைத் தீவில் எங்கள் கிணறு மூன்று வீடுகளுக்குப் பங்கு. குடிக்கவும் அதுதான், தோட்டம் இறைக்கவும் அதுதான். சுற்றிவரக் கடல். மழையில் இறங்கிய நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது. அதிகம் இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கம்.

இறைப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய முறையோ அவர் தண்ணீர் இறைக்கும் மெசினில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றுவார். எண்ணெய் முடிந்தால் மெசின் நிற்கும், முறையும் முடிந்தது. யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை, சண்டையும் இல்லை. ஆனால் மெசின் கக்கும் புகையில் கொடியில் காயும் உடுப்பெல்லாம் நாறும். அந்த மெசினை நான் மனதார வெறுத்தேன்.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று. நான் வேலைசெய்யும் கந்தோரிலிருந்து காபன் வெளியேற்றம் பற்றிய ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்வந்த திமிரும் சேர்ந்துகொண்டது. கனடாவில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்து, சோலர் மோட்டர் பூட்டக் காசு கேட்டேன். புகையில்லை, செலவில்லை, உலகத்துக்கும் நல்லது என்றேன். மறுப்பானா?

மற்றப் பங்குக்காரர் இருவரில் ஒருவர் உடனே தலையாட்டினார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் யோசித்தார்.

"எண்ணெய் முடிஞ்சா மெசின் தானா நிக்கும். உந்த மோட்டரை ஆர் நிப்பாட்டுறது?"

"சுவிச் இருக்கக்கா."

"சுவிச் இருக்கும். நிப்பாட்ட மனம் வருமோ?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மனம் வரவில்லை. வெயில் ஏறியதும் ஓடத் தொடங்கும் மோட்டர், வெயில் சரியும்வரை ஓடியது. சும்மா வருகிற வெயிலை ஏன் வீணாக்க வேண்டும்? தரிசாகக் கிடந்த பனங்காணியையும் கொத்தி வெங்காயம் வைத்தோம். விலையும் நன்றாக இருந்தது. மூன்று வீட்டுக்கும் பிரிட்ஜ் வந்தது. எங்கள் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கும் மெசினும் வந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்களுக்கு அளவாக இருந்தது அந்த ஒரு போத்தல் எண்ணெய்தான். அதைத்தான் நான் தூக்கி எறிந்திருந்தேன்.

முதலில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு வெங்காயத் தாளின் நுனி கருகியது. வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்தது. நோய் என்றார் ஒருவர், உரம் சரியில்லை என்றேன் நான். கண்ணுக்கு முன்னால் கிடந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு காலை அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியடிக்கு வந்தார். பால் திரைந்து நின்றது.

"குடிச்சுப் பாரும்."

உப்பு. ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினேன். மாரி மழைக்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் தேறியது. பங்குனியில் மறுபடியும் கரித்தது.

இப்போது கிழமைக்கு இரண்டு தரம், தண்ணீர் பவுசர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு ஓர் உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்கு வருகிறது. டீசல் புகை முற்றம் முழுக்க நிற்கும். குறைத்துவிட்டேன் என்று நான் பீற்றிய காபன், படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறது. கிணற்றடியில் சோலர் தகடுகள் வெறுமனே மினுங்குகின்றன.

போன கிழமை பவுசர்காரரிடம் கேட்டேன்.

"எங்கையண்ணை அள்ளுறியள்?"

"இந்தத் தீவுதான், புளியங்கூடல் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. முந்தி எண்ணெய் மெசின், மினக்கெட்ட வேலை. இப்ப தோட்டக்காரர் சோலர் போட்டிட்டினம் தங்கச்சி. நாள் முழுக்க அள்ளலாம், செலவே இல்லை."

பிடித்துக்கொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்தேன்.

"அவையை அளவா இறைக்கச் சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் சிரித்தார். நான் அன்று அக்காவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.