ஹான் கூப்பிட்ட விதம்

திருச்சிக் கல்லூரி ஒன்றில் ரசாயனம் நடத்திய நரசிம்மன், எழுபத்து நாலாம் வருஷம் ஸ்கார்பரோவில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பர் ஊட்டிக்கொண்டிருந்தார். கனடா அனுபவம் இல்லையென்று பள்ளிக்கூடங்கள் எல்லாம் கைவிரித்துவிட்டன.

உருளைகளுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் கொரியாக்காரர் ஹான். ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஐந்து வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். நரசிம்மனுக்குப் பத்து வயது மூத்தவர். "யா!" என்பார். நரசிம்மன் நிமிர்ந்தால் பாதி ஆரஞ்சை நீட்டுவார்.

அறையில் கூடத் தங்கியிருந்த ராஜசேகரன் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தான்.

"ஏன் சார், 'யா'ன்னா என்னன்னு தெரியுமா? நம்ம ஊர் 'டேய்'! எம்.எஸ்சி. வாத்தியார் ஒரு டேய்க்கு ஓடறீங்களே."

"மரியாதையா கூப்பிட அவங்களுக்கு வார்த்தையே கிடையாதா?"

"இருக்கு. பேருக்குப் பின்னால 'ஸி'ன்னு சேர்ப்பாங்களாம். உங்களுக்குத்தான் கொடுப்பினை இல்ல."

நரசிம்மன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலொழிய இனித் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஹான் "யா" என்றபோது ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹான் சுற்றி வந்து தோளைத் தொட்டார். நாலு நாளில் அதுவும் நின்றுபோயிற்று. ஆரஞ்சு மட்டும் பெஞ்சில் இருந்தது.

இயந்திரத்தை நிறுத்தும் கயிறு நரசிம்மன் பக்கம் தொங்கியது. ஹான் பக்கத்துக் கயிறு அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் ஒருநாள் நரசிம்மன் அவருக்கு முதுகைக் காட்டி நின்று ரப்பரைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"யா!"

கழுத்து விறைத்தது.

"யா!"

கத்தியை நிதானமாக இன்னொரு துண்டில் இறக்கினார்.

மூன்றாவதாக வந்தது "அய்கோ". அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாய்ந்து கயிற்றை இழுத்தபோது ஹானின் வலது கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஹானின் மனைவி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "மெஷின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஊரில் இவருக்கு நாலு தம்பிகள். அவர்களை விட்டு வந்தபிறகு இவர் 'யா' என்று கூப்பிட்டது உங்களை மட்டும்தான்."

ஹான், அன்று 'யா' என்றதும் விறைத்த நரசிம்மனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தெழுத்தாக, பிழையில்லாமல் சொன்னார்:

"நரசிம்மன்-ஸி. வந்ததற்கு நன்றி."