மாமன் மச்சான் மொழிகள்

குத்தாலத்துக்குக் கிழக்கே மெயின் ரோட்டில் நிற்கும் ரைஸ் மில் நான் கட்டியது. பாங்கில் எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைக்காத காலத்தில் கட்டினேன். எங்கள் தெருவுக்குள் வரும் சிமெண்ட் பாலமும் நான் கொண்டுவந்ததுதான். அதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் தேய்ந்த செருப்புகளுக்கு இன்றுவரை யாரும் மாலை போடவில்லை. எந்தக் களத்தில் என் அப்பா கைகட்டி நின்று கூலி நெல் வாங்கினாரோ, அந்தக் களத்தில் இன்று என் நெல் காய்கிறது. நாலாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தியவன் நான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஃபின்னிஷ் மொழிக்கும் பாஸ்க் மொழிக்கும் என்ன உறவு என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்தான் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் கோட்டைக்குப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் செங்கொடிக்கும் மிராசுதார்களுக்கும் இழுபறி ஓயவில்லை. கூலியை உயர்த்தும்வரை அறுவடைக்கு இறங்குவதில்லை என்று எங்கள் தெருவே உட்கார்ந்துவிட்டது. கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு. போலீஸ் வேன் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தெருவில் சங்கத்தை நடத்தியவர் என் அப்பா.

அந்தச் சமயம் பார்த்து இரண்டு வெள்ளைக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஒருவர் தென்னை உயரம், தலைமுடியும் வெள்ளை, ஃபின்லாந்துக்காரர். மற்றவர் குட்டை, அடர்ந்த புருவம். ஸ்பெயினில் வடக்கே மலைப்பக்கத்தில் பாஸ்க் பேசும் ஜனங்களில் ஒருவர். கையில் பேச்சைப் பிடிக்கும் பெட்டி. மொழிபெயர்த்துச் சொல்லக் கும்பகோணத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார். தங்கள் மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளிக்கூடம் போகாதவர்கள் பேசும் தமிழ் வேண்டுமாம். பொழுது சாய்வதற்குள் ஜீப் திரும்பிவிடும். மறுநாள் அவர்கள் ஊருக்குப் புறப்படுகிறார்கள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க," என்றார் அப்பா. "பொட்டியில பேச்சப் புடிச்சு ஸ்டேஷன்ல குடுத்துட்டா?"

எங்கள் பக்கம் ஓர் ஆள் வந்தால் முதலில் முறை கண்டுபிடித்தாக வேண்டும். மாமனா, சித்தப்பனா, பங்காளியா என்று தெரியாதவனுக்கு எந்த வாசலிலிருந்தும் குவளை நீளாது. தெரிந்துவிட்டால் அவனை வெறும் வயிற்றோடு அனுப்பவும் முடியாது. ஆகவே அப்பா வாத்தியாரிடம் கேட்டார்:

"இவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன மொறைங்க?"

"அத ஏங்க கேக்குறீங்க, வழியெல்லாம் அந்தச் சண்டைதான்," என்றார் வாத்தியார். "ரெண்டு பேர் பாஷையும் சுத்தியிருக்குற பெரிய பாஷைங்களோட ஒட்டாம தனியா நிக்குது. உசரமா இருக்காரே, அவரு பாஷைக்காவது அக்கம்பக்கத்துல சொந்தம் உண்டு. இவரு பாஷைக்கு ஒலகத்துலயே யாரும் இல்ல. ஃபின்னிஷாவது சொந்தமா இருக்காதான்னு தேடுறாரு. இருக்காதுங்குறாரு அவரு."

"அடப் பாவமே, அநாதப் பாஷையா," என்றாள் அத்தை. தெரு கொஞ்சம் இளகியது. அப்பா இளகவில்லை.

"சொல்லச் சொல்லுங்க, பாப்போம்."

மீனுக்கு உயரமானவர் 'கலா' என்றார். குட்டையானவர் 'அர்ராயின்' என்றார். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அவர் 'யுக்சி, காக்சி, கோல்மே'. இவர் 'பாத், பி, ஹிரு'. குட்டையானவர் அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்து, குரலை அடக்கிப் பேசினார். தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "சத்தமாச் சொல்லுங்க, காதுல விழல," என்று கத்தினேன். வாத்தியார் அதையும் மொழிபெயர்த்தார். குட்டையானவர் என் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். அப்புறம் சொன்னார் பாருங்கள், வைக்கோல் போரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

சத்தம் வந்தும் சொல் ஒட்டவில்லை. வீட்டுக்கு 'தாலோ' என்றார் அவர், 'எட்சே' என்றார் இவர். வீட்டில் என்பதற்கு 'தாலோஸ்ஸா', 'எட்சேயான்'. வீட்டிலிருந்து என்பதற்கு 'தாலோஸ்தா', 'எட்சேதிக்'. குட்டையானவர் பெட்டியை மூடப் போனார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷம் அது. பங்காளி வீட்டில் கொடுக்கக் கூடாது, மாமன் மச்சான் வீடாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. அதே நினைப்பில் இருந்த நான், யாரும் கேட்காமலே சொன்னேன்:

"இவங்க பங்காளி இல்லப்பா. மாமன் மச்சான்."

"எப்பட்றா?"

"பங்காளின்னா ஒரே ரத்தம். இவங்க சொல்லு வேற வேற. ஆனா பழக்கவழக்கம் ஒண்ணு. வீட்ட முன்னால வச்சுட்டு வாலப் பின்னால ஒட்டுறாங்க, நாம வீட்டுல, வீட்டுலேருந்துன்னு சொல்ற மாதிரியே. கொண்டு குடுத்துக்கலாம்."

வாத்தியார் அதை இங்கிலீஷில் சொன்னார். உயரமானவர் தொடையில் தட்டிச் சிரித்தார். குட்டையானவர் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, தனக்கும் எனக்கும் என்ன முறை என்று விசாரித்தார்.

"நீங்க எனக்கு மாமா."

பதிலுக்கு என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். "மாப்ளே," என்றார் அவர், நாக்கு சறுக்கி, உரக்க.

முறை வந்துவிட்டது, அப்பாவுக்கு வேறு வழியில்லை. எங்கள் அலுமினியக் குவளையில் நீராகாரம் வந்தது. எங்கள் தெருவில் பச்சைத் தண்ணீர் குடித்தறியாத மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு பேரும் அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்தே குடித்தார்கள். அதன்பின் தெரு வாயைத் திறந்தது. நாற்று, மடை, களம், பதர் எல்லாம் பெட்டிக்குள் போயின. அத்தை மிராசுதாரை வைத வசவும் போயிற்று.

ஜீப் போனதும் அப்பாவிடம் கேட்டேன்: "அப்ப ஆண்டைக்கும் நமக்கும் என்ன மொறப்பா?"

"அதுக்குத்தாண்டா கொடி புடிச்சு ஒக்காந்திருக்கோம்," என்றார். அந்த அறுவடையில் கூலி உயர்ந்தது. நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை. ஆனால் காரியக்காரர் முதல்முறையாக அப்பாவை 'வாங்க' என்றார்.

என் பேரன் இப்போது ஃபின்லாந்தில் வேலை பார்க்கிறான். அவன் போனில் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஸ்பெயின் சர்க்காருக்குப் பாஸ்க் ஆகாதாம்; பேசினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அடி விழுமாம்; தெருவில்கூடத் திரும்பிப் பார்த்துத்தான் பேசுவார்களாம். தொண்டையில் கோளாறு என்று நினைத்தேனே.

படித்தவர்களும் இன்று அப்படித்தான் எழுதுகிறார்களாம்: இரண்டும் ஒரே வம்சம் இல்லை, கட்டுமானம்தான் ஒத்துப்போகிறது என்று. தாராளமாக எழுதட்டும். குத்தாலத்துப் பக்கம் ஒருவன் சொன்னான் என்று அடியில் என் பேரைப் போட்டுவிட்டு எழுதட்டும். பேருக்கு முன்னால் மாப்ளே என்று சேர்க்க வேண்டும். அந்த மனுஷன் பயப்படாமல் உரக்கக் கொடுத்த பட்டம் அது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.